எலும்பு செக்‌ஷனில் ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதத்தின் நிறமே வரவில்லை, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். சுண்டெலித் தொடை எலும்பு, மெழுகில் பதித்து மெலிதாகச் சீவிய பாரஃபின் செக்‌ஷன் என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: சீவுவதற்கு முன் எலும்பின் சுண்ணாம்பை (கால்சியத்தை) எதில் நீக்கினீர்கள்? நைட்ரிக் அமிலம் என்றால் ஆன்டிபாடி பாவம், விட்டுவிடுங்கள். "ஃபார்மிக் அமிலத்திலேயே எங்களுக்கு வருகிறதே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சில ஆன்டிபாடிக்கு வரும், மறுக்கவில்லை. வராதபோது முதல் சந்தேகம் அமிலத்தின் மேல்தான்.

4% பாராஃபார்மால்டிஹைடில் 24 மணி நேரம் ஃபிக்ஸ் செய்து (திசு கெடாமல் நிலைநிறுத்தி), கால்சியத்தைப் பிடித்து வெளியேற்றும் 14% ஈடிடிஏ, பிஎச் 7.4, 4 டிகிரியில் போடுங்கள். எலும்பின் கனஅளவைப்போல் 20 மடங்கு கரைசல், 2-3 நாளுக்கொரு முறை புதிதாக. சுமார் 2 வாரம் ஆகும். முடிந்ததா என்று ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், ஓட்டை செக்‌ஷனில் தெரியும், எக்ஸ்ரே எடுங்கள்.

அடுத்த தொல்லை ஆன்டிஜன் ரெட்ரீவல், அதாவது ஃபிக்ஸ் செய்ததில் மறைந்த புரதத்தை ஆன்டிபாடிக்கு மீண்டும் எட்டவைப்பது. 95 டிகிரி சிட்ரேட்டில் கெட்டியான புறணி எலும்பு ஓரத்திலிருந்து சுருண்டு, கழுவும்போது மிதந்து போய்விடும். சார்ஜ் ஏற்றிய ஸ்லைடு, பிஎச் 6 சிட்ரேட், 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் ஒட்டியிருக்கும்.

நிறத்துக்கு ஹெச்ஆர்பி (ஒரு பெராக்சிடேஸ் என்சைம்) பயன்படுத்தினால் பிரைமரிக்கு (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடிக்கு) முன் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். இல்லாவிட்டால் மஜ்ஜையின் சொந்தப் பெராக்சிடேஸே பழுப்பாகி, ஏதோ வந்துவிட்டதாக ஏமாற்றும். சுண்டெலித் திசுவுக்கு முயல் பிரைமரியே நிம்மதி. சுண்டெலி பிரைமரி போட்டால் செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி) திசுவிலேயே உள்ள சுண்டெலி ஆன்டிபாடியான ஐஜிஜியையும் பிடிக்கும். எலும்புப் பரப்பில் வரிசையாக நிற்கும் ஆஸ்டியோபிளாஸ்ட்களில் (எலும்பை உருவாக்கும் செல்களில்) நிறம் வேண்டும். வளர்ச்சித் தட்டின் ஓய்வுநிலைக் குருத்தெலும்புச் செல்கள் வெறுமையாக இருக்க வேண்டும்.

வெஸ்டர்னிலும் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து மெம்பிரேன் என்ற தாளில் ஏற்றிப் பார்க்கும் சோதனை) வரவில்லை என்றால் மெம்பிரேனைப் பாருங்கள். மனித ஆஸ்டியோகால்சினே 49 அமினோ அமிலம்தான், 0.45 மைக்ரான் துளையில் நழுவி ஓடிவிடும், 0.2 போடுங்கள். இன்னொரு எலும்புப் புரதமான ஆஸ்டியோபான்டின் நேர்மாறு: அமினோ அமில வரிசைப்படி 33 கிலோடால்டன் அருகே வரவேண்டியது, பாஸ்பேட்டும் சர்க்கரையும் ஏறி 60 பக்கம் ஓடும். அது தவறான பேண்ட் என்று தூக்கி எறிபவர்கள் நிறைய.

இத்தனைக்கும் காரணம், கட்டுரைகளில் "வழக்கமான முறையில் டீகால்சிஃபை செய்தோம்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதுதான். அமிலமா, ஈடிடிஏவா, எத்தனை நாள்? ரிவ்யூவரும் கேட்பதில்லை. அந்த வரியை நம்பி ஆன்டிபாடி வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம்.

கண்ட்ரோலுக்கு செகண்டரி மட்டும் போட்டால் போதாது. பிரைமரியின் அதே மைக்ரோகிராம் அளவில், எதையும் குறிவைக்காத சாதாரண முயல் ஐஜிஜியும் ஒரு ஸ்லைடில் போடுங்கள்.