மூன்றாம் வகுப்பு மகளோடு மியூனிக் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஜெர்மனியில், மியூனிக் நகரில் மூன்று வருட வேலை. மகள் ஏப்ரலில் மூன்றாம் வகுப்பு முடிக்கிறாள். "அங்கே விளையாட்டுத்தான், படிப்பே கிடையாது. திரும்பி வந்தால் பிள்ளை திண்டாடும்" என்கிறார் மாமனார். அங்கே இருக்கும் தோழியோ, "நம்ம ஊர் மனப்பாடத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. நம் ஊரில் பிள்ளைகளை வடிகட்டுவது பத்திலும் பன்னிரண்டிலும். நீங்கள் போகிற ஊரில் அது நாலாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது.

ஜெர்மனியில் பள்ளிக்கல்வி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மியூனிக் இருப்பது பவேரியாவில். அங்கே நாலாம் வகுப்பில், மே மாதம் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறம் பற்றிய ஒரு பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி. 2.66 வரை ரியால்ஷூலே, பத்தாம் வகுப்பு வரை போகும் நடுத்தரப் பள்ளி. அதைத் தாண்டினால் மிட்டல்ஷூலே, கைத்தொழில் பக்கம் கொண்டுபோகும் பள்ளி. ஆமாம், அங்கே எண் ஏற ஏற மோசம். 1 தான் முதல் தரம், 6 கடைசி. (பேத்தியின் ரிப்போர்ட்டில் 'கணக்கு: 1' என்று பார்த்து மாமனார் பதறுவார். இப்போதே சொல்லி வையுங்கள்.) பத்து வயதில் பிரிப்பது சரியா என்று அந்த ஊரிலேயே நெடுநாளாக வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், ரொம்ப சீக்கிரம்.

உங்கள் மகள் போய் இறங்குவது சரியாக அந்த வடிகட்டி முன்னால். செப்டம்பர் நடுவில் பள்ளி திறக்கும்போது ஜெர்மன் தெரியாமல் போனால், மொழிக்கென்றே இருக்கும் தனி வகுப்பில் சேர்க்க வாய்ப்பு அதிகம். அதனால் கிம்னாசியம் கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். மூன்றே வருடம்தானே. அங்கேயே தங்கிவிட்டாலும், ரியால்ஷூலே முடித்து, ஃபாக்ஓபர்ஷூலே என்ற தொழில்சார்ந்த மேல்நிலைப் பள்ளி வழியாக உயர்கல்விக்குப் போகலாம்.

விளையாட்டுத்தான் என்பது? வகுப்பு பல நாள் மதியத்தோடு முடிவது உண்மை. ஆனால் வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று பழகிய பிள்ளைக்குக் கணக்கைவிட இதுதான் கஷ்டம். கணக்கில் சமாளித்துவிடுவாள். மூன்றரையை 3,5 என்று கமா போட்டு எழுத நாலு நாள் தடுமாறுவாள், அவ்வளவுதான்.

அப்புறம், தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பள்ளி நாளில் அனுமதியில்லாமல் பிள்ளையை நிறுத்தினால் அபராதமே விழலாம்.

மூன்று வருடம் கழித்து வந்தால் ஏழாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நாலு வருடம் கையில் இருக்கும். மற்ற பாடங்களைப் பிடித்துவிடலாம், தமிழ்தான் உதைக்கும். 2006-இல் வந்த சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஜெர்மனியில் பல ஊர்களில் ஈழத் தமிழர்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். போன முதல் மாதமே விசாரித்துச் சேர்த்துவிடுங்கள்.

வேலை நீண்டால் மட்டும் ஜாக்கிரதை. எட்டாம் வகுப்புக்குள் திரும்புங்கள், இல்லை அங்கேயே முடிக்க விடுங்கள். ஒன்பதில் கூட்டி வந்து பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்கார வைப்பது வதை. கிம்னாசியம் வழியில் பள்ளிப்படிப்பு மொத்தம் 13 வருடம். நம் பிளஸ் டூவை மட்டும் காட்டி ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பொதுவாக நேரே சேர முடியாது. அதனால் பாதியில் மாறினால் எந்தப் பக்கமும் இடிக்கும்.

இப்போதைக்குப் போங்கள். புறப்படும் வரை தினம் அரை மணி நேரம் நீங்களும் அவளும் சேர்ந்து ஜெர்மன் படியுங்கள். டி.சி.யோடு தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல் அங்கே பள்ளியில் சேர தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள்.