1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனருக்கு அசல் உதிரிப்பாகங்களை எப்படித் தேடுவது?

தாத்தாவின் மொறிஸ் மைனர் 1000 காருக்குக் கைகாட்டிக் கரம் (திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே நீளும் விளக்குக் கரம்), வேகமானி, சாவி ஆகியவை அசலாகவே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பா விட்டுச் சென்ற அதே ஆண்டு மைனரைச் சில வருடங்களாகத் திருத்தி வருபவன் என்ற முறையில், அனுபவத்தில் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

காரின் பெயரைச் சொல்லித் தேடுவதை விட்டுவிட்டு, பாகத்தைச் செய்தவரின் பெயரையும் அதில் பொறித்துள்ள இலக்கத்தையும் கொண்டு தேடுங்கள். மைனரின் மின்சாதனங்கள் லூக்காஸிடமிருந்தும், மானிகள் ஸ்மித்ஸிடமிருந்தும், காபரேற்றர் எஸ்.யூ. நிறுவனத்திடமிருந்தும் வந்தவை, இவர்கள் அதே காலத்தில் வேறு பிரித்தானியக் கார்களுக்கும் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் "மைனர் சாமான் இல்லை" என்று கைவிரித்த கடையிலேயே, லூக்காஸ் எஸ்.எஃப். 80 என்று எழுதிக் காட்டியபோது, ஒஸ்ரின் சாமான்கள் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து எனக்கு வேண்டிய கைகாட்டி வந்தது.

ஆனால் காரில் இப்போது பூட்டியிருப்பதை அப்படியே அசல் என்று நம்பிவிடாதீர்கள். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; பொருந்திய எதையும் பூட்டித்தான் அவற்றை ஓட வைத்தார்கள். அந்த மெக்கானிக்குகளின் கைவண்ணத்தால்தான் இந்தக் கார்கள் இன்றும் இருக்கின்றன என்பதை நான் மறப்பதில்லை. எனினும், எந்தக் கார் இலக்கத்திலிருந்து (பதிவு இலக்கம் அல்ல, தொழிற்சாலை இட்ட இலக்கம்) எந்தப் பாகம் மாறியது என்பதை, மைனரைத் தயாரித்த பீ.எம்.சி. நிறுவனத்தின் உதிரிப்பாகப் பட்டியல் குறிப்பிடுகிறது. அதன் பிரதி ஒன்றைப் பெற்று, உங்கள் காரின் இலக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைச் செலவிடுங்கள்.

வேகமானியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1956 முதல் 1962 வரையான மைனரில் 948 சி.சி. என்ஜினும் அதன் பிறகு 1098 சி.சி. என்ஜினும் இருந்தன, பின்னச்சின் பல்விகிதமும் 4.555இலிருந்து 4.22ஆக மாறியது. ஆகவே பார்வைக்கு ஒரே மாதிரியான மானியும் பிழையான வேகத்தைக் காட்டும். ஸ்மித்ஸ் மானியின் முகப்பில், கீழ்ப்பக்கத்தில், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண் சிறிய எழுத்தில் இருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் முகப்பை மறைத்த படத்தை மட்டும் அனுப்பி விற்ற மானி இன்றும் அலமாரியில் கிடக்கிறது.

கைகாட்டிக் கரம் 1961 வரை மட்டுமே மைனரில் இருந்ததால், உங்கள் காருக்கு அது கட்டாயம் வேண்டும். இயங்காத பழைய கரத்தை எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கரம் மடங்கும் இடத்தில் மின்குமிழுக்குச் செல்லும் மெல்லிய வயர் அறுந்திருக்கும். அதைப் பற்றவைத்து, 3 வாட் குமிழ் போட்டு, அச்சைத் துப்புரவாக்கினால் பழையதே எழுந்து நிற்கும். மஞ்சள் மூடிக்கு மட்டும் புதிய நகல் வாங்கலாம்.

ரப்பர் விடயத்தில் அசலைத் தேட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்டி பிரிக்காத பழைய சரக்கானாலும் இருந்த இடத்திலேயே இறுகிப்போயிருக்கும்; பிரேக் சிலிண்டரின் ரப்பரில் அது உயிராபத்து. அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

சாவிக்காகப் பூட்டை மாற்றவும் வேண்டாம். சாவி இலக்கம் பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்சின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் பிரித்தானியாவிலுள்ள பழைய கார்ச் சாவி விற்பவர்கள் பொருத்தமான சாவியைத் தபாலில் அனுப்புவார்கள்.