பிரிக்காத பார்சல் பரண்ல கிடக்கு, இது வியாதியா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயசு, கடலூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வராது, ஷூ, வாட்ச், ஹெட்போன்னு போன்ல ஆர்டர் போட்டுக்கிட்டே இருப்பேன். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு மஞ்சக்குப்பத்துல ஃப்ரெண்டோட மெடிக்கல் ஷாப் அட்ரஸ் குடுக்குறேன். பாதி பாக்ஸ் பிரிக்கவே இல்ல. கார்டுல 80,000 நிக்குது, மினிமம் மட்டும் கட்டுறேன். ஒய்ஃப் "உடம்புல கொழுப்பு"ங்கறா. இது வியாதியா, கொழுப்பா?

பதில்: தம்பி, ஷூ மேல ஆசைப்பட்டு வாங்குறவன் வந்த அன்னிக்கே மாட்டிக்கிட்டு சில்வர் பீச்ல ஒரு ரவுண்டு போயிருப்பான். நீங்க டேப்பைக்கூட கிழிக்கல. அப்ப உங்களுக்கு வேண்டியது பொருள் இல்ல, வாங்குறதுக்கு முன்னாடி வர்ற அந்தப் பரபரப்பும் பட்டனைத் தட்டினதும் வர்ற நிம்மதியும்தான், அது அரைமணி நேரம்கூட தாங்காம குத்த உணர்ச்சி வந்துடும், அதை மறக்க அடுத்த ஆர்டர். கிரேபெலின்னு ஒரு ஜெர்மன் மனநல டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதை எழுதி வச்சிருக்காரு, அப்ப ஏது ஆப்பு, ஏது ஆஃபரு? அதனால கொழுப்புன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக வியாதின்னு சொல்லிட்டு நழுவவும் விடமாட்டேன், கடன் உங்க பேர்லதானே இருக்கு.

கணக்கைப் பாருங்க. மாசம் மூணரை பர்சன்ட் வட்டி, அஞ்சு பர்சன்ட் மினிமம்னு வச்சுக்குவோம். நீங்க கட்டுற 4,000-ல வட்டி 2,800, அதுக்கு ஜிஎஸ்டி 504, அசல்ல கழியறது எழுநூறு ரூபாய்க்குள்ளதான். புதுசா வாங்குறதுக்கும் அன்னிலேருந்தே வட்டி ஓடும். ஒய்ஃப் நகையை பேங்க்ல வச்சு அடைச்சா வட்டி குறையும்தான், ஆனா கார்டை மூடாம அதைச் செஞ்சீங்கன்னா கார்டும் திரும்ப ரொம்பிடும், நகையும் உள்ள மாட்டிக்கும் (நம்ம ஊர்ல எத்தனை வீட்ல இந்தக் கதை!).

முதல்ல ஆப்ல சேவ் பண்ண கார்டை எடுங்க. ஃப்ரெண்டு கிட்ட இனிமே என் பார்சலை வாங்காதன்னு சொல்லிடுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் போனை ஒய்ஃப் கிட்ட குடுத்துட்டுப் படுங்க, ஸ்டேட்மென்ட்டையும் முழுசா காட்டிடுங்க, திட்டுவாங்க, வாங்கிக்குங்க.

இன்னொண்ணு, தூக்கமே தேவைப்படாம, ஓயாம பேசிக்கிட்டு, உலகத்தையே வாங்கிடலாம்ங்கற மாதிரி சில நாள் இருந்துச்சுன்னா அது வேற பிரச்சனையா இருக்கலாம், டாக்டரைப் பாத்தே ஆகணும். பாண்டி ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு, உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். நேர்ல போகக் கூச்சமா இருந்தா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் இருக்கு, நம்பர் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.