பைக் விபத்து: பழியில் உங்கள் பங்கு எவ்வளவு?

கே: சிக்னலில் நின்றிருந்த எங்கள் பைக்கைப் பின்னால் வந்த கார் இடித்தது. எனக்குக் கால் முறிவு. பைக்கில் மூன்று பேர் இருந்ததால் பாதி இழப்பீடுதான் என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளாதீர்கள். மூவர் போனது தவறுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. அதற்கு அபராதம் உண்டு. ஆனால் நின்ற வண்டியைக் கார் இடித்ததற்கு மூன்றாவது ஆள் எப்படிக் காரணம் ஆவார்? முகமது சித்திக் வழக்கிலும் மூவர் சென்ற பைக்கைக் கார் பின்னாலிருந்து மோதியது. ஓர் இளைஞர் இறந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் அந்தக் கழிவை ரத்து செய்தது. மூவர் போனதால்தான் விபத்து நடந்தது, அல்லது அடி கூடியது என்று நிரூபித்தால்தான் கழிக்க முடியும்.

கே: ஹெல்மெட் போடவில்லை. லைசென்ஸும் இல்லை. கை முறிந்துவிட்டது. கேஸ் நிற்குமா?

நிற்கும். தலையில் அடி என்றால் ஹெல்மெட்டைக் காட்டிக் கொஞ்சம் கழிக்க வாய்ப்புண்டு. கை முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் உங்களுக்குப் பங்கு உண்டென்று சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே கூறிவிட்டது.

கே: லாரி உரசித்தான் அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரியில் 'தானாக வண்டியிலிருந்து விழுந்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

வக்கீலான என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் மனதை மிகவும் வருத்துவது இந்த ஒரு வரிதான். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடப்பார். கொண்டுவந்து சேர்த்தவர் விபத்தையே பார்த்திருக்க மாட்டார். அவர் சொன்னதை டூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதிவிடுவார். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் காப்பியைத்தான்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் (அந்த இடத்தின் படம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை நான்கையும் வாங்குங்கள். பைக்கின் ஹேண்டில்பார் முனையில் லாரி பெயின்ட் ஒட்டியிருக்கிறதா, சைடு ஸ்டாண்டு வளைந்திருக்கிறதா பாருங்கள். ஆய்வு முடியும்வரை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். பக்கத்துக் கடை சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் கேட்டு வையுங்கள். அந்த வரியை எழுதிய டாக்டரையே சாட்சியாக அழைத்து, யார் சொல்லி எழுதினார் என்று கேட்கலாம். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஒருவேளை அப்பா மீதும் 25 சதவீதப் பழி என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், 10 லட்சம் என்று கணக்கிட்டது 7.5 லட்சமாகும். ஒன்றுமே கிடைக்காமல் போகாது.

கே: தம்பி ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த பைக்கோடு மோதல். இரண்டு பேர் மீதும் தப்பு. என் பணத்திலும் பாதி கழியுமா?

கழியாது. வண்டியை ஓட்டாத உங்களுக்குப் பழியில் பங்கு கிடையாது. இது கூட்டுக் கவனக்குறைவு, அதாவது இரண்டு பேரின் தப்பு சேர்ந்து மூன்றாமவருக்கு அடிபடுவது. இருவரில் ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தம்பி வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் இருந்தவருக்கு அது பொருந்தாது. அதனால் தம்பியின் மனம் நோகுமே என்று தயங்காமல், இரண்டு வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள்.