பெண்களுக்குக் குறைந்த நாட்கூலி கொடுப்பது இலங்கையில் சட்டப்படி சரியா?

2018இல் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினேன். கூலிக் கொப்பியில் இரண்டு நிரல்: ஆண் 1,000, பெண் 700. கேட்டால், "ஆம்பிளையள் மூட்டை தூக்கிறாங்களே" என்பார் முதலாளி. அவித்த நெல்லைச் சுடுகிற சீமெந்துத் தளத்தில் பரப்பி, வெறுங்காலால் கிளறிக்கொண்டே வெயிலில் நடப்பது மட்டும் லேசான வேலையா? சரி, அதை விடுவோம். சாக்கு வாய் தைக்க ஓர் ஐயா இருந்தார், அவருக்கு 1,000. அவர் வராத நாளில் அதே ஊசி ஓர் அம்மாவின் கைக்குப் போகும். அவருக்கு 700தான்.

அன்று சட்டம் சொன்ன குறைந்தபட்ச நாட்சம்பளம் 400. அதனால் முதலாளியை அசைக்க முடியவில்லை.

2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 2025 திருத்தப்படி, 2026 ஜனவரி முதல் அந்தத் தொகை நாளுக்கு 1,200, மாதத்துக்கு 30,000 ரூபா. அதற்குக் கீழே கொடுத்தால் 'பொம்பிளைக் கூலி' என்ற சாட்டு எடுபடாது. தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

சிக்கல் அதற்கு மேலேதான். ஆணுக்கு 2,000, பெண்ணுக்கு 1,400 என்றால்? சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. ஆனால் தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தும் சம ஊதியச் சட்டம் இன்னும் இல்லை. அரசியலமைப்பின் 12(2) பால் வேறுபாட்டால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதை வைத்து அடிப்படை உரிமை வழக்குப் போடுவது அரச தரப்புக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள்.

சாக்குத் தைத்த அந்த அம்மா 1977 கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். தோட்டத்தில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது 1984இல். இதைச் சொன்னபோது, "நாங்க கெளம்பி வந்த பொறகுதான் குடுத்திருக்காங்க" என்று சிரித்தார்.

எப்படியும் முறையிட முன்னர் உங்களுக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். திகதி, நேரம், கையில் கிடைத்த காசு. அப்புறம், 'ஆலை வேலை' என்று மொத்தமாக எழுத வேண்டாம். 'சாக்குத் தைத்தது' என்றே எழுதுங்கள்.