கிட் கேள்வி-பதில்: பொதுக் கணினியில் யார் பெயர்?

கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதியும் மென்பொருள். அது கண்காணிக்கும் திட்டக் கோப்புறை ரெப்போ. ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளம் கிட்ஹப்.

கிட்ஹப் என் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. தவறாகத் தட்டச்சு செய்கிறேனா? (பீனிக்ஸ்)

இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் கட்டளைவரியில் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கிட்ஹப் தரும் நீண்ட குறியீடு) அல்லது எஸ்எஸ்எச் சாவி (உங்கள் கணினியில் வைக்கும் அடையாளக் கோப்பு) வேண்டும். பிழைச்செய்தியிலேயே இது எழுதியிருக்கிறது. முழுமையாகப் படியுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்த கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்) வேறொரு மாணவியின் பெயரில் உள்ளன. ஏன்? (மெர்பேங்க்)

இதே கேள்வி ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. வீட்டு மடிக்கணினிக்கென எழுதப்பட்ட குறிப்பை அப்படியே ஆய்வகத்தில் விநியோகிக்கும் பழக்கமே இதற்குக் காரணம். அதில் வரும் 'குளோபல்' என்ற சொல், பெயரையும் மின்னஞ்சலையும் அந்த விண்டோஸ் கணக்கின் முகப்புக் கோப்புறையில் எழுதிவிடுகிறது. எல்லோரும் ஒரே பொதுக் கணக்கில் நுழையும் ஆய்வகத்தில், கடைசியாக அமைத்தவரின் பெயரே பின்னால் வருபவர்கள் அனைவருக்கும் ஒட்டிக்கொள்கிறது. ரெப்போவுக்குள் சென்று, 'குளோபல்' இல்லாமல் 'கிட் கான்ஃபிக்' கொடுத்தால் அந்த ரெப்போவுக்கு மட்டும் உங்கள் பெயர் பதியும், பொதுப் பெயரை அது மீறும். கடைசிக் கமிட்டை 'அமெண்ட்', 'ரீசெட்-ஆத்தர்' இரண்டையும் சேர்த்துத் திருத்தலாம். குழு ரெப்போவுக்கு ஏற்கெனவே புஷ் செய்துவிட்டீர்கள் (இணையத்தில் ஏற்றிவிட்டீர்கள்) என்றால் வரலாற்றைத் திருத்தப் புறப்படாமல் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். எழுந்து போகுமுன் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உங்கள் கிட்ஹப் பதிவை நீக்க மறவாதீர்கள். பெயர் மாறினால் மதிப்பெண்தான் போகும், டோக்கன் தங்கினால் கணக்கே போகும். ஆய்வகப் பொறுப்பாளர்கள் பொதுப் பெயரை அழித்துவிட்டு 'யூஸ்-கான்ஃபிக்-ஒன்லி' அமைப்பை இயக்கி வைத்தால், பெயர் கொடுக்காதவரைக் கிட் கமிட் செய்யவே விடாது. ஒரு நிமிட வேலை, ஆனாலும் செய்பவர்கள் அரிது.

கிட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (சாட்ஸ்வொர்த்)

எந்தக் கட்டளை, என்ன பிழைச்செய்தி என்று எழுதாதவருக்கு நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும். செய்தியை முழுமையாகப் படித்து, அப்படியே படியெடுத்து அனுப்புங்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் 'ஸ்டேட்டஸ்' கட்டளையில் சாய்கோடுகளும் எண்களுமாகத் தெரிகின்றன. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கோப்பு கெடவில்லை. 'கோர்.குவோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

கமிட் செய்யும்போது மின்வெட்டு வந்தது. இப்போது ஆப்ஜெக்ட் கோப்பு (கிட் தன் வரலாற்றைச் சேமிக்கும் உள்கோப்பு) காலியாக இருப்பதாகப் பிழை வருகிறது. (டர்பன்)

மின்வெட்டின் அட்டவணை கைப்பேசியில் இருக்க, அதற்கு முன் ஏன் புஷ் செய்யவில்லை? புதிய மாற்றங்கள் மட்டுமே மேலேறும் என்பதால் சாதாரண நிரல் கோப்புகளுக்கு டேட்டா அதிகம் செலவாகாது. தொலை ரெப்போவை (இணையத்தில் உள்ள பிரதியை) வேறொரு கோப்புறையில் குளோன் செய்து, அதாவது முழுமையாக இறக்கி, பழையதில் நீங்கள் மாற்றிய கோப்புகளை அதில் நகலெடுங்கள். புதியது சரியாக ஓடும் வரை பழைய கோப்புறையை அழிக்காதீர்கள்.