பெட்ரோல் பம்புக்குக் கூடுதல் வோல்டேஜ், டர்போவுக்கு மெத்தனால்: கேள்வி பதில்

கேள்வி: டர்போ காரில் பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) 0.8 பாரிலிருந்து 1.4 பாருக்கு உயர்த்தி, உள்ளே போகும் காற்றில் மெத்தனாலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷனும் பொருத்தியிருக்கிறேன். ஆர்பிஎம் ஏறியதும் கலவை லீன் ஆகிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை). பெட்ரோல் பம்புக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டும் வோல்டேஜ் பூஸ்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகலாம். ஆனால் குற்றம் பம்பின் மீதுதான் என்பதை முதலில் நிரூபித்துக்கொள்ளுங்கள். மானிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்தத்தை அனுசரித்து இயங்கும் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் உள்ள காரில், ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிய நிலையில் எரிபொருள் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில்) 3 பார் இருக்குமானால், 1.4 பார் பூஸ்ட்டில் அது 4.4 பாராக உயர்ந்து, ஆர்பிஎம் ஏறி முடியும் வரை அங்கேயே நிற்க வேண்டும். 4.4-ஐத் தொட்டுவிட்டு 4.1, 3.9 என்று சரிந்தால் பம்போ, ஃபில்டரோ, ஒயரிங்கோ போதவில்லை. அழுத்தம் அசையாமல் நின்றும் கலவை லீன் ஆகிறது என்றால், இன்ஜெக்டர் தன் திறப்பு நேரத்தின் எல்லையை எட்டியிருக்கலாம், அல்லது ட்யூனில் (எஞ்சின் கணினியின் அமைப்பில்) எரிபொருள் அளவு குறைவாக எழுதப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் வோல்டேஜ் மருந்தாகாது.

அழுத்தம் சரிகிறது என்று தெரிந்த பிறகும் உடனே பூஸ்டர் வாங்க வேண்டாம். பம்ப் மோட்டாரின் வேகம், ஆல்டர்னேட்டர் தரும் வோல்டேஜைப் பொறுத்ததல்ல, பம்பின் முனைக்கு வந்து சேரும் வோல்டேஜைப் பொறுத்தது. முன்னால் 14 வோல்ட் இருந்தாலும், சாவியிலும் பழைய ரிலேயிலும் மெல்லிய ஒயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் சிறிது சிறிதாக இழந்து, பம்பை அடையும்போது 12-க்கும் கீழே இறங்கியிருப்பது சாதாரணம். முழு பூஸ்ட்டில் ஓடும்போது பம்பின் முனையில் மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நின்றிருக்கும் காரில் அளப்பதால் பயனில்லை. இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த ஒயரை நேராக இழுத்து, புது ரிலேயும் சுத்தமான எர்த்தும் கொடுங்கள். பல கார்களில் பிரச்சினை இதோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: பம்புக்கு 17 வோல்ட் கொடுத்தால் அது எரிந்துவிடாதா? எங்கள் குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: பூஸ்ட் வரும் சில நொடிகளுக்கு மட்டும் கொடுத்தால், நல்ல நிலையில் உள்ள பிரஷ் வகைப் பம்புகள் (கார்பன் பிரஷ் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகும் வகை) பெரும்பாலும் தாங்கும். நாள் முழுவதும் கொடுத்தால் பிரஷ் தேயும், மோட்டார் சூடாகும், ரிட்டர்ன் வழியாகத் திரும்பும் பெட்ரோல் டாங்க்கையே சூடாக்கும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் என்பதால், டாங்க் காலியாகும் தறுவாயில் ஆபத்து அதிகம்.

பலரும் மறப்பது உள்ளே வரும் பக்கத்தின் கணக்கு. பம்ப் 17 வோல்ட்டில் 18 ஆம்பியர் இழுத்தால் அது 306 வாட். பூஸ்டரின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால் அதற்கு 340 வாட் உள்ளே போக வேண்டும். அங்கே 13.5 வோல்ட் இருந்தால் சுமார் 25 ஆம்பியர். வோல்டேஜ் 12-க்கு இறங்கினால் 28-ஐத் தாண்டும். ஆகவே 15 ஆம்பியர் ஃப்யூஸும் பழைய மெல்லிய ஒயரும் வைத்துக்கொண்டு பூஸ்டரைப் பொருத்துகிறவர், பம்பைக் காப்பாற்ற முயன்று ஒயரை எரிக்கிறார். ஒயரிங் முதலில், பூஸ்டர் பிறகு.

கேள்வி: எந்த பிராண்டு பம்ப் வாங்கலாம்?

பதில்: பிராண்டு சொல்வதில்லை. அட்டையில் உள்ள லிட்டர் கணக்கு பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில் அளந்தது. உங்கள் அழுத்தத்தில், உங்கள் வோல்டேஜில் எத்தனை லிட்டர் என்று வரைபடம் வெளியிடாத பம்பை வாங்காதீர்கள்.

கேள்வி: மெத்தனாலும் எரிபொருள்தானே? அது உள்ளே போகும்போது பெட்ரோல் பம்பின் பாரம் குறைகிறது. பிறகு வோல்டேஜ் பூஸ்டர் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கணக்கிலேயே பார்ப்போம். பெட்ரோலுக்குக் காற்றின் விகிதம் எடைப்படி 14.7; மெத்தனாலுக்குச் சுமார் 6.4. அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் மெத்தனால் ஏறக்குறைய 0.46 லிட்டர் பெட்ரோலின் இடத்தை நிரப்பும். பாதித் தண்ணீர் கலந்தால் அது 0.23 லிட்டர். 400 குதிரைத்திறன் தரும் டர்போ எஞ்சின், மணிக்குக் குதிரைத்திறனுக்கு 270 கிராம் என்ற கணக்கில், நிமிடத்துக்குச் சுமார் 2.4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். நிமிடத்துக்கு 500 மில்லி பாதிக்குப்பாதிக் கலவையைத் தெளிக்கும் நாசில் (தெளிப்பு முனை) அதில் ஈடுகட்டுவது 115 மில்லி, அதாவது ஐந்து சதவீதம். பம்பின் குறையை மறைக்க அது போதாது.

சுத்த மெத்தனாலை லிட்டர் கணக்கில் தெளித்தால் ஈடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது எஞ்சினின் உயிர் ஒரு சிறு டயாஃப்ரம் பம்பையும் ஒரு நாசிலையும் நம்பியிருக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் ஒற்றை நாசில் தெளிப்பது எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் போய்ச் சேருவதில்லை. புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையை அளக்கும் லாம்டா சென்சார் காட்டுவதோ அனைத்தின் சராசரி. சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு சிலிண்டர் லீன் ஆகி, நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வந்து, பிஸ்டன் விளிம்பு உருகலாம்.

கேள்வி: (மேலே கேட்ட அதே அன்பர்) இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானங்களில் எம்டபிள்யூ 50 என்று மெத்தனால் செலுத்தித்தானே சக்தியைக் கூட்டினார்கள்? அங்கே எரிபொருளாகப் பயன்பட்டது இங்கே பயன்படாதா?

பதில்: அந்தக் கலவையில் மெத்தனால் 50 சதவீதம், தண்ணீர் 49.5 சதவீதம், மீதி அரை சதவீதம் துரு தடுக்கும் எண்ணெய். அங்கே மெத்தனாலின் தலையாய வேலை, உயரத்தின் குளிரில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வது. ஆவியாகும்போது ஒரு கிலோ தண்ணீர் உறிஞ்சும் வெப்பம் சுமார் 2,260 கிலோஜூல், மெத்தனால் 1,100, பெட்ரோல் 350 அளவில்தான். அந்தக் குளிர்ச்சி நாக்கிங்கைத் தடுத்ததால் அதிக பூஸ்ட் சாத்தியமாயிற்று, சக்தி அங்கிருந்து வந்தது. உங்கள் உதாரணம் என் பக்கமே சாய்கிறது.

கேள்வி: (மீண்டும் அவரே) ஆனால் பந்தயக் கார்கள் முழுக்க மெத்தனாலிலேயே ஓடுகின்றனவே?

பதில்: ஓடுகின்றன, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போதிய அளவில் மெத்தனாலைச் செலுத்தவென்றே வடிவமைத்த பம்பும் இன்ஜெக்டரும் அவற்றில் உண்டு. நாம் பேசுவது பெட்ரோல் அமைப்பின் பற்றாக்குறையைப் பக்கவாட்டில் தெளித்து மூடுவதைப் பற்றி. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: வோல்டேஜ் பூஸ்டர் போட்டால் லீன் பிரச்சினை தீருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மல்டிமீட்டர், பம்பின் முனை, முழு பூஸ்ட்.

கேள்வி: என் காரில் ரிட்டர்ன் குழாயே இல்லை, பம்பை ஒரு மாட்யூல் கட்டுப்படுத்துகிறது. பூஸ்டரை எங்கே இணைப்பது?

பதில்: மாட்யூலுக்கும் பம்புக்கும் நடுவில் ஒருபோதும் இணைக்காதீர்கள். மாட்யூல் மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தந்துதான் பம்பின் வேகத்தை மாற்றுகிறது. அந்தத் துடிப்பை பூஸ்டரால் ஒழுங்காக ஏற்க முடியாது. மாட்யூலுக்கு முன்னால்தான் இணைக்க வேண்டும், அதுவும் அந்த மாட்யூல் கூடுதல் வோல்டேஜைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு. சில மாட்யூல்கள் வோல்டேஜ் மிகுந்தால் பழுதுக் குறியீட்டைப் பதிந்துவிட்டுப் பம்பையே நிறுத்திவிடும். உங்கள் பம்ப் பிரஷ் இல்லாத வகை என்றால் வேகத்தை அதன் கன்ட்ரோலரே முடிவு செய்கிறது, பூஸ்டரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு?

பதில்: டாங்க்கிலுள்ள பம்பின் அழுத்தம் சரிந்தால் மட்டுமே பயன் உண்டு. கேம் ஷாஃப்ட் ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப் பின்தங்கினால் வோல்டேஜ் அதை எட்டாது.

கேள்வி: பம்ப் 16 வோல்ட் தாங்குமா? எரியுமா?

பதில்: மேலே எழுதிவிட்டேன்.

கேள்வி: மெத்தனாலை வைப்பர் தண்ணீர் டாங்க்கிலேயே ஊற்றிக்கொள்ளலாமா?

பதில்: சுத்த மெத்தனால் என்றால் கூடாது. அது 11 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். குடித்தால் பார்வையும் உயிரும் போகலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால், டாங்க்கும் குழாயும் மெத்தனாலுக்கென்றே செய்தவையாக இருக்கட்டும்.

கேள்வி: மெத்தனால் தீர்ந்துபோனாலோ நாசில் அடைத்துக்கொண்டாலோ எஞ்சினைக் காப்பது எப்படி?

பதில்: இன்று வந்தவற்றில் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. டாங்க்கின் மட்ட சென்சார் மட்டும் போதாது. டாங்க் நிறைந்திருக்கும்போதும் நாசில் அடைபடும். நாசிலுக்குப் போகும் குழாயில் ஓட்ட சென்சார் வைத்து, ஓட்டம் குறைந்ததும் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சோலனாய்டு அணைந்து, வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் மட்டும் தரும் அழுத்தத்துக்குப் பூஸ்ட் இறங்கும்படியும், ஈசியூ (எஞ்சின் கணினி) இக்னிஷனைப் பின்தள்ளிய வேறொரு மேப்புக்கு மாறும்படியும் இணையுங்கள். அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் மெத்தனால் சொட்டுக்கூட இல்லாமல் கார் பாதுகாப்பாக ஓடுகிறதா என்பதை முதலில் தனியாக ட்யூன் செய்து பார்த்துவிட வேண்டும். வோல்டேஜ் பூஸ்டரின் தூண்டுதலை மெத்தனால் கன்ட்ரோலரிலிருந்து எடுக்காதீர்கள். மெத்தனால் நின்றுபோகும் நேரத்தில்தான் பெட்ரோல் பம்புக்கு அந்த வோல்டேஜ் தேவைப்படும். மானிஃபோல்டில் தனியாக ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்து, 0.4 பார் அளவில் அது இயங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.